மூடப்பட்ட அச்சகத்தின் கணினி: பழைய கணினியோடு வந்த மென்பொருளை நகலெடுப்பது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் தொழில் செய்யும் ஒருவர், மயிலாடுதுறைப் பக்கம் மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து சிறிய ஆஃப்செட் இயந்திரம் ஒன்றையும், ஒரு கட்டிங் மெஷினையும், கூடவே ஒரு கணினியையும் மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கினார். அந்தக் கணினிக்குள் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர், வரைகலைக்கான கோரல் ட்ரா, டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியைச் செருகினால் மட்டுமே இயங்கும் தமிழ்த் தட்டச்சுத் தொகுப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ், சில நூறு தமிழ் எழுத்துருக்கள் ஆகியவை இருந்தன. அவற்றைத் தம் அச்சகத்தில் ஏற்கெனவே உள்ள மூன்று கணினிகளிலும் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு அவர் என்னிடம் வந்தார். வழக்கறிஞர் என்ற முறையில் நான் சொன்ன கருத்தையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இது நீதிமன்றத்துக்குப் போன விவகாரம் அன்று. வாங்கியவர், விற்றவர் இருவருடைய சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியே எழுதுகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிறு அச்சகம், உரக்கடை, அரிசி ஆலை, நகைக்கடை எதுவானாலும் செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குவது சாதாரணமாக நடக்கும் காரியம். இயந்திரத்தின் வேகத்தையும் ஹார்ட் டிஸ்க்கின் அளவையும் விசாரிப்பவர்கள், உள்ளே இருக்கும் மென்பொருள் யாருடையது என்று விசாரிப்பதில்லை. "எல்லாம் போட்டுத்தான் இருக்கு" என்ற ஒரு வார்த்தையில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை விதமான சட்டநிலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை இந்த ஒரே கணினியை வைத்துக் காட்ட முடியும் என்பதால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

நடந்தது

விற்றவர் எழுபது வயதைக் கடந்தவர். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் தொழிலைத் தொடங்கி, பிறகு கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபிக்கும் ஆஃப்செட்டுக்கும் மாறி, பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதால் அச்சகத்தை மூடியவர். தொழில் பழகிய ஒருவரிடமே பொருட்கள் போகட்டும் என்று நினைத்து, கணினியோடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய குறுந்தகடுகளையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். விற்பனைக்கு அத்தாட்சியாக இருந்தது அச்சகத்தின் பழைய லெட்டர்பேடில் கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே. அதில் கணினியைப் பற்றி "கம்ப்யூட்டர் 1 செட், சாமான்களுடன்" என்று ஒரே ஒரு வரி இருந்தது.

கும்பகோணத்துக்கு வந்த சில வாரங்களிலேயே ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது. வழக்கமாக வந்து சிஸ்டம் பார்க்கும் இளைஞர் சோதித்துவிட்டு, "டிஸ்க் போற நிலையில இருக்குண்ணே. அப்படியே ஒரு இமேஜ் எடுத்து மூணு சிஸ்டத்துலயும் இறக்கிடலாம். நீங்க காசு குடுத்து வாங்கினதுதானே, யாரு வந்து கேக்கப் போறா?" என்று சொல்லியிருக்கிறார். இமேஜ் என்பது முழு வட்டையும் அப்படியே எடுக்கும் நகல். முகூர்த்த சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய அச்சகத்தின் வாடிக்கையாளர்கள் பலர் இவரிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய பழைய பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு கணினியில்தான் திறந்தன. ஆகவே நகலெடுக்க அவருக்கு உண்மையான அவசரம் இருந்தது. இருந்தும் முதலில் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று அவர் வந்தது நல்ல காரியம்.

அவருடைய வாதம் எளிமையானது. கணினியைத் திருடவில்லை, விலை கொடுத்து வாங்கினார், உள்ளே இருப்பதும் அந்த விலைக்குள் அடக்கம், தன் பொருளைத் தான் எத்தனை முறை நகலெடுத்தால் என்ன என்பதே அது. இதைத் தள்ளிவிடக்கூடிய வாதமாக நான் நினைக்கவில்லை. அதில் பாதி சரி.

சட்டம் எங்கே நிற்கிறது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் 'இலக்கியப் படைப்பு'. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் நிரலை அந்த வகைக்குள் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குத் தனி வரையறையும் தனி விதிகளும் தந்தது. எந்தப் படைப்பிலும் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வட்டும் பெட்டியும் பொருள். அந்த வட்டில் பதிந்திருப்பது படைப்பின் ஒரு நகல். மேலும் நகல்கள் எடுக்கும் உரிமை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது பதிப்புரிமை உடையவரிடமோ அவரிடமிருந்து எழுத்து மூலம் பெற்றவரிடமோ இருக்கும். பழைய புத்தகக் கடையில் புத்தகம் வாங்கியவர் அதைப் படிக்கலாம், இரவல் தரலாம், மறுபடி விற்கலாம். மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் வைக்க முடியாது. நம் அச்சக உரிமையாளருக்குக் கிடைத்தவை பொருளும், சில மென்பொருள்களைப் பொறுத்தவரை நகலும். மறுநகல் எடுக்கும் உரிமையை விற்றவரே வைத்திருக்கவில்லை. தன்னிடம் இல்லாததை அவர் விற்றிருக்க முடியாது.

நகல் சட்டப்படி கைமாறியதா என்பது அடுத்த கேள்வி. இதில் இந்தியச் சட்டம் ஒரு வளைவு வளைந்து வந்திருக்கிறது. 1994இல் சேர்த்த விதியின்படி, ஒரு மென்பொருள் நகல் முன்பே ஒருமுறை விற்கப்பட்டிருந்தாலும் அதை விற்கும் உரிமை பதிப்புரிமை உடையவருக்கே இருந்தது. அதே வாசகம் நீடித்திருந்தால் பழைய மென்பொருளை விற்பதே சிக்கலாகியிருக்கும். 1999ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 14(பி)யிலிருந்து அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. ஒருமுறை விற்கப்பட்ட நகல் 'ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நகல்' என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 2021 மார்ச் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, இந்தத் திருத்தத்தை முதல் விற்பனையோடு விநியோக உரிமை தீர்ந்துபோகும் கொள்கையை ஏற்றதாகவே படித்தது. ஆனால் அது வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செலுத்திய மென்பொருள் விலை, வருமான வரிக் கணக்கில் ராயல்டி (உரிமைத்தொகை) ஆகுமா என்ற வழக்கு. பயனாளர் ஒருவர் இன்னொரு பயனாளருக்கு விற்றதைப் பற்றி அங்கே நேரடியாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே, பெட்டியோடு விலைக்கு வாங்கிய நகலை அப்படியே கைமாற்றுவதற்குச் சட்டம் இடம் தருகிறது என்பது வலுவான வாதம் என்று மட்டுமே நான் எழுதிக்கொடுத்தேன்; ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதவில்லை.

வெளிநாடுகளிலும் இதில் ஒருமித்த கருத்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3ஆம் தேதி யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரையற்ற உரிமத்தோடு விற்ற மென்பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம், ஆனால் விற்கும்போது தன்னிடமுள்ள நகலைப் பயன்படாமல் செய்துவிட வேண்டும் என்றது. அமெரிக்காவில் 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமமாக மட்டும் தரப்பட்டதை வாங்கியவர் உரிமையாளர் ஆகமாட்டார், அதனால் மறுவிற்பனைப் பாதுகாப்பும் அவருக்கு இல்லை என்றது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. விற்றவர் தன்னிடம் நகல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ஐரோப்பிய நிபந்தனை மட்டும் எந்த நாட்டுச் சட்டத்திலும் நியாயமாகத் தோன்றும் ஒன்று. இந்த நிகழ்விலும் அது பின்னால் முக்கியமாகிவிட்டது.

நகலெடுப்பதற்கு வருவோம். பிரிவு 52(1)(ஏஏ), கணினி நிரலின் ஒரு நகலைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு நோக்கங்களுக்காக நகலெடுக்க அனுமதி தருகிறது. நிரல் எந்தப் பயனுக்காகத் தரப்பட்டதோ அந்தப் பயனை அடைவதற்காக எடுக்கும் நகல் ஒன்று. இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாக எடுக்கும் காப்பு நகல் மற்றொன்று. சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு மாற்றுவதும், முன்னெச்சரிக்கையாக ஓர் இமேஜ் எடுத்துப் பீரோவில் வைப்பதும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும். அந்த இமேஜை இன்னொரு கணினியில் இறக்கி, ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்யத் தொடங்கிய நொடியில் அது காப்பு நகல் என்ற தகுதியை இழந்துவிடுகிறது.

சிஸ்டம் பார்க்கும் இளைஞர் பிரிவு 52(1)(ஏடி)யை எங்கோ படித்திருந்தார். "சொந்த உபயோகத்துக்குக் காப்பி பண்ணலாம்னு சட்டத்துலயே இருக்கே சார்" என்றார். இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது வணிக நோக்கமற்ற தனிப்பட்ட பயன்பாட்டைப் பற்றி. பத்திரிகை அடித்துக் காசு வாங்கும் மேஜையில் இருக்கும் கணினிக்கு அது குடை பிடிக்காது. கல்லூரியில் படிக்கும் தம் மகள் பழகுவதற்காக அவளுடைய மடிக்கணினியில் பேஜ்மேக்கரைப் போட்டுத் தரலாமா என்று உரிமையாளர் அப்போது கேட்டார். அந்தப் பிரிவு 'தாமே சட்டப்படி பெற்ற நகலிலிருந்து' என்று சொல்வதால் உரிமையாளர் தம் வீட்டில் தாமே பழகுவதற்குத்தான் அது தெளிவாகப் பொருந்துகிறது. மகளுக்குப் பொருந்தும் என்று நான் உறுதி சொல்லவில்லை.

கணினியைத் திறந்து பார்த்தபோது

சட்டம் ஒன்றாக இருந்தாலும் விடை மென்பொருளுக்கு மென்பொருள் மாறியது. ஆகவே அந்தக் கணினியை அச்சகத்தின் பின்கட்டில் வைத்து, மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

விண்டோஸ் 7இல் சிக்கல் எதுவும் இல்லை. கேபினெட்டின் பக்கவாட்டில் உண்மைச்சான்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 25 எழுத்துகள் கொண்ட சாவி பாதி மங்கிப்போயிருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் படிக்க முடிந்தது. கணினியோடு சேர்ந்து விற்கப்படும் இத்தகைய உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. கணினி கைமாறினால் கூடவே போகும். கணினியை விட்டுத் தனியாக இன்னொன்றுக்குப் போகாது. அதே கணினியில் வட்டை மாற்றலாம், மற்ற மூன்றிலும் போட முடியாது. 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்கான ஆதரவு நின்றுவிட்டதால் அதை இணையத்தில் இணைக்காமல் வைக்கச் சொன்னேன். அது சட்ட ஆலோசனை ஆகாது என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

பேஜ்மேக்கர்தான் மகிழ்ச்சியான வியப்பைத் தந்தது. சுற்று வட்டார அச்சகங்களில் நான் பார்த்தவரை, அதை விலை கொடுத்து வாங்கிய தடயம் கிடைப்பது அரிது. இங்கே அட்டைப்பெட்டியின் அடியில் பதிப்பு 7இன் அசல் குறுந்தகடு, வரிசை எண் அச்சிட்ட அதன் உறையோடு, மேலே ஒரு பாலித்தீன் பை சுற்றப்பட்டு இருந்தது. அதற்கடியில் கணினிக்கடையின் பில் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மை வெளிறிப் போயிருந்தாலும் அச்சகத்தின் பெயரும் பொருளின் பெயரும் தெளிவாக இருந்தன. பெட்டிக்குள் இருந்த உரிம ஒப்பந்தமும், எல்லா நகல்களையும் வரிசை எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்கு முழுமையாக மாற்றித் தர அனுமதித்தது. சட்டமும் ஒப்பந்தமும் இங்கே ஒரே பக்கம் நின்றன. கும்பகோணத்துக்காரர் இப்போது அந்த ஒரு நகலின் சட்டபூர்வமான உடைமையாளர். ஒரு கணினியில் ஓட்டலாம், காப்பு நகல் வைக்கலாம், வேண்டுமானால் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் நிறுவலாம். மூன்று கணினிகளில் மூன்று பேர் ஓட்ட மூன்று உரிமம் வேண்டும்.

"கம்பெனியே இப்ப அதை விக்கிறதில்லையே சார், யாருக்கு நஷ்டம்?" என்று அவர் கேட்டார். பதிப்பு 7 வெளிவந்தது 2001இல்; அதற்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை என்பது உண்மை. ஆனால் விற்பனையை நிறுத்துவது பதிப்புரிமையைக் கைவிடுவதாகாது. நம் சட்டத்தில் பதிப்புரிமையைத் துறக்கப் பிரிவு 21இல் தனி வழி இருக்கிறது. பதிவாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும், அல்லது பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். பேசாமல் இருந்துவிடுவது அந்த வழிகளில் சேராது. பதிப்புரிமை நீடிக்கும் காலமோ பல பத்தாண்டுகள். மென்பொருளின் ஆயுளை விட அது எவ்வளவோ நீளம். விற்காத ஒன்றை விலை கொடுத்து வாங்கவும் வழியில்லாமல், நகலெடுக்கவும் அனுமதியில்லாமல் சிறு தொழில் செய்பவர் நடுவில் மாட்டிக்கொள்வதைச் சட்டம் கவனிக்கவில்லை என்பது என் கருத்து. அந்தக் குறையைச் சட்டமியற்றுவோர்தான் சரிசெய்ய வேண்டும். அதைக் காரணம் காட்டி வாதாடினால் நீதிமன்றத்தில் நிற்காது.

தமிழ்த் தட்டச்சுத் தொகுப்பும் எழுத்துருக்களும்

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய காலத்து அச்சகக் கோப்புகள், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருந்த எழுத்துக் குறியேற்றத்தில் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் தெரியும். இதனால் எழுத்துருவை நகலெடுக்கும் ஆசை மற்ற மென்பொருள்களைவிட இங்கே பல மடங்கு அதிகம். கணினியின் பின்புறம் விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் செருகியிருந்தது. அதை உருவினால் தொகுப்பு நின்றுவிடும்; செருகினால் ஓடும்.

"டாங்கிள் இல்லாம ஓட வைக்க ஒரு ஃபைல் கிடைக்கும்" என்று இளைஞர் சொன்னார். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பிரிவு 65-ஏ, உரிமைகளைப் பாதுகாக்க வைத்த தொழில்நுட்பத் தடையை உரிமை மீறும் எண்ணத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைப்பதில் அந்த எண்ணம் வெளிப்படையாக இருக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பலரும் கவனிக்காத ஒன்று. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகத் தடையைத் தாண்டுவதை இந்தப் பிரிவு தடுக்காது. ஆனால் இன்னொருவருக்காக அதைச் செய்து தருபவர், அந்த இன்னொருவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகிய விவரங்களை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். நாளைக்கு டாங்கிள் பழுதாகி, அதை விற்ற நிறுவனமும் கைவிரித்துவிட்டால், அதே ஒரு கணினியில் உரிமம் உள்ள அதே ஒரு நகலை ஓட வைப்பதற்கு இந்த உட்பிரிவை வைத்து வாதாடலாம் என்பது என் எண்ணம். இப்போது டாங்கிள் நல்ல நிலையில் இருப்பதால் அந்த வாதத்துக்குத் தேவை எழவில்லை.

அந்தத் தொகுப்பைத் தயாரித்த நிறுவனம் இன்னும் இயங்குவதால் எழுதிக் கேட்டோம். முதலில் வாங்கியவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் உரிமத்தைப் புதியவர் பெயருக்கு மாற்றித் தருவதாகவும், எத்தனை கணினிகளில் நிறுவினாலும் டாங்கிள் செருகிய கணினியில் மட்டும் ஓட்ட வேண்டும் என்றும் பதில் வந்தது. இந்த ஒரு மென்பொருளை மட்டும் மற்ற மூன்று கணினிகளிலும் நிறுவுவதற்கு, அதை அனுமதிக்க உரிமை உள்ளவரே எழுத்து மூலம் அனுமதி தந்துவிட்டார். கேட்டால் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கேட்காமலே பூட்டை உடைக்கிறார்கள் என்பதால் இதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

எழுத்துருக் கோப்புறையில் இருந்தவை பல ஊர்த் தண்ணீர் கலந்தவை. தொகுப்போடு வந்தவை அந்த உரிமத்துக்குள் அடங்கும். மற்றவற்றை ஒவ்வொன்றாக வலது சொடுக்கி, பண்புகளில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பைப் படித்தோம். திறந்த எழுத்துரு உரிமம் என்று குறிப்பிட்டிருந்தவற்றை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம்; எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. ஏதேதோ நிறுவனங்களின் பெயர் தாங்கி, வாங்கியதற்கு எந்த ஆதாரமும் இல்லாமல் இருந்தவை கணிசமாக இருந்தன. எழுத்துருக் கோப்பு, கணினியை ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய வைக்கும் கட்டளைத் தொகுதி என்ற வகையில் சட்டத்தின் 'கணினி நிரல்' வரையறைக்குள் வருவதற்கு நல்ல இடம் இருக்கிறது. ஆகவே அவற்றை நீக்கச் சொன்னேன். உரிமையாளருக்கு அதில் வருத்தம் இருந்தது. அழகான தலைப்பெழுத்துகள் சில அவற்றில் இருந்தன.

ஆஃப்செட் அச்சுக்கான தகடு (பிளேட்) எடுக்கும் இடத்துக்குக் கோப்போடு எழுத்துருக்களையும் பென் டிரைவில் போட்டு அனுப்பும் வழக்கம் இந்த அச்சகத்திலும் இருந்தது. அதுவும் நகலெடுத்து வெளியில் கொடுப்பதுதான். எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவங்கள், ஆக்கி அனுப்பினால் எழுத்துரு கணினியை விட்டு வெளியே போகாது, பிளேட்டில் எழுத்து மாறிவிடும் தொல்லையும் இருக்காது. புதிய வேலைகளை ஒருங்குறிக்கு மாற்றச் சொன்னதற்கும் இதே காரணம்தான். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியையும், டேஸ்16 (TACE16) என்ற தமிழ் எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. நோட்டோ, முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வரைகலைக்கான இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களை எத்தனை கணினியில் நிறுவினாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. பழக்கத்தை மாற்றிக்கொள்வது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. பேஜ்மேக்கரில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் கைக்கு ஸ்கிரைபஸ் ஒரு சீசன் முழுதும் தடுமாற்றம் தரும்.

கோரல் ட்ராவும் ஆஃபிஸும்

இவற்றைப் பற்றி நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. கோரல் ட்ரா நிறுவப்பட்டிருந்த கோப்புறைக்கு அருகிலேயே சாவி உருவாக்கும் நிரல் ஒன்றும், வைரஸ் தடுப்பியை நிறுத்திவிட்டு இதை ஓட்டவும் என்ற குறிப்புக் கோப்பும் இருந்தன. ஆஃபிஸ், பெருநிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் உரிமப் பதிப்பு. அதை உயிர்ப்பிக்க ஒரு போலிச் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் பிறக்கும்போதே உரிமை மீறிய நகல்கள். எத்தனை கை மாறினாலும் அவை நல்ல நகலாக மாறா. இவற்றை வைத்திருப்பவர் பிரிவு 52 சொல்லும் சட்டபூர்வ உடைமையாளர் ஆகமாட்டார் என்பதால், காப்பு நகலுக்கும் அனுமதி கிடையாது.

இங்கேதான் முழு வட்டையும் அப்படியே இமேஜ் எடுக்கும் யோசனையின் ஆபத்து புரியும். இமேஜ் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்காது. சட்டம் அனுமதிக்கும் காப்பு நகலை எடுக்கப் போய், அதே சொடுக்கில் இரண்டு உரிமை மீறல்களையும் செய்துவிடுவோம். ஆகவே இந்த இரண்டையும் ஆதாரமற்ற எழுத்துருக்களையும் முதலில் நீக்கி, அதன் பிறகே புதிய வட்டுக்கு மாற்றினோம்.

தெரிந்தே உரிமை மீறிய நிரலைக் கணினியில் பயன்படுத்துவதற்குப் பிரிவு 63-பி தனித் தண்டனை விதிக்கிறது: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை. ஆதாயத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் காரணங்களைப் பதிவு செய்து சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். அச்சகத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது. 'தெரிந்தே' என்ற சொல்லே வாங்கியவருக்கு இதுவரை இருந்த பாதுகாப்பு. சாவி உருவாக்கும் நிரலைத் தம் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது என்று அவரிடம் நேரடியாகச் சொன்னேன். தெரிந்தே பதிப்புரிமை மீறுவதைப் பொதுவாகத் தண்டிக்கும் பிரிவு 63இன் கீழ் வரும் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது என்று 2022 மே 20ஆம் தேதி நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிரிவு 64இன் கீழ் சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரி, பிடியாணை இல்லாமலே நகல்களைக் கைப்பற்றலாம். முகூர்த்த மாதத்தில் ஓர் அச்சகத்தின் கணினிகள் காவல் நிலையத்துக்குப் போனால், தண்டனைக்கு முன்பே தொழில் முடங்கிவிடும்.

அனுமதியின்றித் தரவை நகலெடுத்ததாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43 தன்மேல் பாயுமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. அந்தப் பிரிவு கணினியின் உரிமையாளருடைய அனுமதி இல்லாமல் செய்வதைப் பற்றியது. கணினிக்கு இப்போது உரிமையாளர் அவரே. அந்தப் பயம் தேவையற்றது.

விற்றவர் பக்கம்

உரிமை மீறிய நகலை விற்பதும் பிரிவு 51(பி)யின்படி மீறலே. பெரியவரைச் சந்தித்து இதைச் சொன்னபோது அவர் மிகவும் சங்கடப்பட்டார். கோரல் ட்ராவை யார் எப்போது போட்டார்கள் என்றே அவருக்கு நினைவில்லை. "நான் காசு குடுத்து வாங்கினது அந்த ரெண்டுந்தான் தம்பி, மத்ததெல்லாம் ரிப்பேர் பாக்க வந்த பசங்க போட்டது" என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்காக யாரும் போகவில்லை. உரிம மாற்றக் கடிதத்தில் கையெழுத்து வாங்கவும், விற்பனையைச் சரியாக எழுதிக்கொள்ளவும்தான் போனோம்.

அங்கே ஒரு புதிய விஷயம் வெளிப்பட்டது. வெளியூரில் இருக்கும் பேரனுடைய மடிக்கணினியில் அதே பேஜ்மேக்கர், அதே வரிசை எண்ணோடு நிறுவப்பட்டிருந்தது. அது இருக்கும்வரை உரிமம் முழுதாக மாறியதாகாது. ஓர் உரிமத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு நகல் ஓடும். பேரன் அன்றே தொலைபேசியில் நீக்கிவிட்டதாகச் சொல்லி, திரையைப் படமெடுத்து அனுப்பினார். அதன் பிறகு எழுதிய விற்பனை ஆவணத்தில் கணினியின் வரிசை எண், விண்டோஸ் ஸ்டிக்கரின் சாவி, பேஜ்மேக்கரின் வரிசை எண், டாங்கிளின் எண் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு, இவற்றின் நகல் எதுவும் விற்பவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இல்லை என்றும், கணினியில் இருந்த மற்ற மென்பொருள் எதுவும் இந்த விற்பனையில் சேராது என்றும் எழுதினோம். பழைய வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, அலைபேசி எண்கள் அடங்கிய கோப்புகளில், வாடிக்கையாளர் தாமே கேட்டு வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பெரியவரிடம் திருப்பித் தருவது என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பழைய பத்திரிகை வடிவமைப்புகளை மறுபடி பயன்படுத்தப் பெரியவர் மனமுவந்து சம்மதித்தார். பதிப்புரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று பிரிவு 19 சொல்வதால் அதற்கும் தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

சிஸ்டம் பார்க்கும் இளைஞரின் நிலைதான் இந்த மூவரில் மிக மோசமானது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல நான் தனியாக நேரம் எடுத்துக்கொண்டேன். வாங்கியவர் தெரியாது என்று சொல்லலாம், விற்றவர் நினைவில்லை என்று சொல்லலாம். நகலைத் தன் கையால் எடுத்து, அதற்குக் கூலியும் வாங்கி, பில்லில் 'ஃபார்மேட், சாஃப்ட்வேர் லோடிங்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவருக்கு அப்படி எதுவும் சொல்ல வழியில்லை. பிரிவு 63 உரிமை மீறியவரோடு அதற்குத் துணைபோனவரையும் சேர்த்தே பேசுகிறது. ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்ற சலுகையும் அவருக்குக் கிடைக்காது. அவர் இப்போது வாடிக்கையாளர் தரும் குறுந்தகட்டின் அல்லது சாவியின் எண்ணைப் பில்லிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நிறுவுகிறார். எண் இல்லாதவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களை மட்டும் போட்டுத் தருகிறார்.